சோக்குத் துப்பாக்கி

தோவாளைக்குப் பக்கத்தில் என் பெரிய மாமாவின் வீட்டு நெற்புரையில், எண்ணெய்த் துணி சுற்றிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அது வெடிப்பதை நிறுத்தியிருந்தது. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு முறை மாமா அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்து, பாகம் பாகமாகப் பிரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் உள்ளே வைப்பார். அந்த இரண்டு நாட்களும் எங்களுக்குத் திருவிழா மாதிரி.

"இது சோக்குத் துப்பாக்கியாக்கும் மக்களே. எடது குழலுதான் சோக்கு. வலது குழலு சும்மா," என்பார்.

சோக்கு என்றால் எங்களுக்குத் தெரியாதா என்ன? சில்க் ஜிப்பாவும் செண்டு வாசனையுமாகக் கல்யாண வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்து, 'ஆள் சோக்காய் இருக்கிறான்' என்று சொல்வதில்லையா? இடது குழலில்தான் ஏதோ சித்திர வேலை இருக்கிறது என்று எண்ணி, நாங்கள் அதைத் தடவித் தடவிப் பார்ப்போம். வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் ஒன்றுமே தெரியாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் புதிராக இருந்தது. பூச்சி கூடு கட்டாமல் இருக்கக் குழல் வாய்களில் அடைத்து வைப்பதற்கென்று, பூவரசங் கட்டையில் மாமா இரண்டு தக்கைகள் செதுக்கியிருந்தார். அவற்றை மாற்றிப் போட முடியாது. வலது குழலின் தக்கை இடதில் நுழையாது. இடதின் தக்கை வலதில் தொளதொளத்து விழுந்துவிடும்.

மாமா சொன்னது ஆங்கில வார்த்தை என்பதும், அதற்குக் குரல்வளையை நெரிப்பது என்று பொருள் என்பதும், காலேஜில் வாசிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. துப்பாக்கியின் குரல்வளையை நெரித்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நெரித்திருக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கியின் குழல் உள்ளே பதினெட்டரை மில்லிமீட்டர் அகலம். (ஒரு ராத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும். அதனால்தான் அந்த நம்பர்.) முழுச் சோக்கு என்பது அதன் வாயருகே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறைப்பதுதான். அரைச் சோக்கு என்றால் அதில் பாதி. ஒரு மனிதன் நகம் வெட்டி எறிகிற கனம், அவ்வளவுதான்.

அந்த ஒரு மில்லிமீட்டர் செய்கிற காரியத்தைப் புரிந்துகொள்ள, பறவை வேட்டைத் துப்பாக்கி ஒற்றைக் குண்டு போடுவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டாவுக்குள் ஈய ரவை இருக்கிறது. ஆறாம் நம்பர் ரவை என்றால் ஓர் அவுன்ஸுக்கு 270 மணிகள். சாதாரணத் தோட்டாவில் ஓர் அவுன்ஸுக்குச் சற்று மேல், ஆக 287 மணிகள் என்று கணக்கு. வாயை விட்டு வெளியே வந்ததும் அவை விரிந்துகொண்டே போகின்றன. சுசீந்திரம் தேரோட்டத்துக் கூட்டம் ரத வீதியிலிருந்து வெளியேறுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது தெரியும். அகலமான வழி என்றால் ஜனங்கள் அப்போதே நாலா பக்கமும் சிதறிப் போகிறார்கள். சந்து வழியாக வந்தால் வெகு தூரம் வரைக்கும் ஒரு வரிசையாகவே போகிறார்கள்.

இதை அளப்பதற்கு இங்கிலீஷ்காரர்கள் ஒரு முறை வைத்தார்கள். நாற்பது கஜ தூரத்தில் பெரிய காகிதத்தைக் கட்டி, அதில் சுட்டு, முப்பது அங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்று போட்டு, வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணுவது. நெரிக்காத குழலில் நூற்றுக்கு 40 மணிகள் உள்ளே விழும். அரைச் சோக்கில் 60. முழுச் சோக்கில் 70. நம்முடைய 287 மணிகளில் சும்மாக் குழல் 115 மணிகளைப் பறவையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, சோக்குக் குழல் 200 மணிகளை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நெரிப்பினால் இத்தனை லாபம்!

இந்த யுக்தியை முதலில் கண்டவர் யார் என்பதில் தீராத வழக்கு உண்டு. நியூகாஸில் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லரான பேப் என்பவர் 1866-ல் இதற்கு உரிமைப் பத்திரம் வாங்கியிருக்கிறார். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பக்கத்து வாத்து வேட்டைக்காரர் ஃப்ரெட் கிம்பிள், தாமாகவே ஒரு குழலைக் கடைந்து பார்த்து இதைக் கண்டுகொண்டதாகச் சொன்னார். அது 1868 வாக்கில். ஆனால் ஊருக்கெல்லாம் தெரியும்படி செய்தவர் பர்மிங்ஹாம் கிரீனர். 1874-ல் அவர் தம்முடைய சோக்குக் குழலை விளம்பரப்படுத்தினார். நம்ப மறுத்தவர்கள் பலர். மறு வருஷம், 1875-ல், 'ஃபீல்டு' பத்திரிகை லண்டனில் போட்டி வைத்தது. சோக்குக் குழல்கள் ஜெயித்தன. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? சோக்கில்லாத துப்பாக்கி வைத்திருக்கிறவன் கனவானே இல்லை என்று ஆகிவிட்டது. அந்த ஆங்கில வார்த்தை தமிழில் சோக்காக மாறியது ஒலி ஒற்றுமையினால்தான் என்றாலும், அர்த்தமும் கூடவே வந்து சேர்ந்துகொண்டது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கப்பலேறி இந்தத் துப்பாக்கிகள் இந்தியாவுக்கு வந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு ஸன்ஸ் துப்பாக்கியும் விற்றார்கள். வாங்கிய துரைமாரும், அவர்களைப் பார்த்து வாங்கிய நம்மவர்களும், ஒரு கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். இங்கே பறவை எவ்வளவு தூரத்தில் எழும்புகிறது?

ஆரல்வாய்மொழிக் கணவாயை ரயிலில் கடந்து போகிறவர்கள் இரு பக்கமும் பார்த்திருக்கலாம். நாஞ்சில் நாட்டின் பசுமை அங்கே சட்டென்று தீர்ந்துபோகிறது. அப்புறம் உடை மரமும் கள்ளியும் செம்மண்ணுமாகத் திருநெல்வேலிச் சீமை. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கம்பெனிப் பட்டாளம் ஏறிப் பிடித்த கோட்டைச் சுவரின் மிச்சங்கள் அந்தக் கணவாயில்தான் கிடக்கின்றன. அந்தச் செம்மண் காடுதான் கௌதாரியின் ராஜ்யம். விடியற்காலையில் அது கூப்பிடுகிற சத்தம் ஒரு மைலுக்குக் கேட்கும். இந்தப் பறவைக்குச் சாஸ்திரப் பெயர் வைத்தவர்கள், பிரெஞ்சுக்காரரான ஸொன்னெரா எழுதிய வர்ணனையை வைத்துப் 'பாண்டிச்சேரிக்காரன்' என்று பொருள்படும்படியாக வைத்தார்கள். அது 1789-ல். நம் ஊர்ப் பெயரோடு உலகம் முழுவதும் சுற்றுகிற ஒரு பறவை, இன்றைக்கும் நம் கள்ளிப் புதரில்தான் தூங்குகிறது.

கௌதாரிக்குப் பறப்பதில் இஷ்டம் கிடையாது. மனிதனைக் கண்டால் ஓடும். ஓடி ஓடிப் புதருக்குப் புதர் மாறும். வேறு வழியே இல்லை என்று ஆகும்போது, காலடியிலிருந்து வெடிமருந்து பற்றிய மாதிரி 'புர்' என்று எழும்பும். பதினைந்து கஜம், இருபது கஜம், அவ்வளவுதான் இடைவெளி. அந்த இருபது கஜத்தில் முழுச் சோக்குக் குழலின் ரவை முழுவதும் சுமார் பதினாறு அங்குல வட்டத்துக்குள் போகிறது. சும்மாக் குழலில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். ஆக, முழுச் சோக்குக்காரன் அநேகமாகத் தவற விடுவான். தவறாமல் பட்டாலோ, பறவை என்று ஒன்று மிஞ்சாது. நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ அறுப்புக்குப் பிறகு வந்திறங்குகிற உள்ளானுக்கும் இதே கதைதான். அதற்கு எட்டாம் நம்பர் பொடி ரவையும் விரிந்த வாயுமே போதும்.

மாமா இந்தச் சங்கதியை வேறு விதமாகச் சொன்னார். 1960-க்கு முன்போ பின்போ, வெளியூரிலிருந்து விருந்தாளி ஒருவர் இரண்டு குழலும் முழுச் சோக்கு வைத்த புத்தம் புதுத் துப்பாக்கியோடு வந்தாராம். சாயங்காலம் வரையில் சுட்டார். பையில் விழுந்தவை மூன்று. அத்தை சட்டியை இறக்கிப் பரிமாறியபோது விருந்தாளியின் கடைவாய்ப் பல் ஓர் ஈய மணியில் பட்டு உடைந்தது. "கறி வச்சது கௌதாரியா, கடையிலே வாங்கின ரவையா எண்ணு எங்க அப்பா கேட்டாரு," என்று சொல்லி மாமா வாய்விட்டுச் சிரிப்பார்.

மாமாவின் துப்பாக்கியில் இந்தப் பிரச்னைக்கு அந்தக் காலத்துப் பர்மிங்ஹாம் கொல்லர்களே ஒரு தீர்வு செய்து அனுப்பியிருந்தார்கள். முன் விசையை அழுத்தினால் வலது குழல். அது திறந்த வாய், கிட்டத்தில் எழும்பும் பறவைக்கு. அது தவறிப் பறவை தூரம் போய்விட்டால் பின் விசை. அதுதான் இடது குழல், சோக்கு. இரண்டு தூரங்களுக்கு இரண்டு வாய். ஒற்றைக் குழலை வைத்துக்கொண்டு இதைச் சாதிக்க முடியுமா என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். ரோப்பர் என்ற அமெரிக்கர் 1868-லேயே கழற்றி மாட்டுகிற சோக்கு வாய் ஒன்றுக்கு உரிமை பெற்றார். அது பரவலாவதற்கு நூறு வருஷம் ஆயிற்று. 1960-களில் வின்செஸ்டர் கம்பெனி திருகு மரை வைத்த சிறு குழாய்களோடு துப்பாக்கி விற்கத் தொடங்கியது. இப்போது அமெரிக்க மேட்டுநிலங்களில் காடைக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் நாலைந்து குழாய்களை வைத்திருந்து, பறவைக்குத் தக்கபடி, நாய் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதற்குத் தக்கபடி, திருகி மாற்றிக்கொள்கிறார்கள். எது நல்ல குழாய் என்று அவர்களுக்குள் நடக்கிற விவாதத்துக்கு முடிவே கிடையாது.

விவாதத்தின் அடியில் இருக்கிற விஷயம் கொஞ்சம் இருட்டானது. ரவை விரிந்து விரிந்து போகப் போக, பறவை விழாது. ஒரு மணி, இரண்டு மணி பட்டு, காலொடிந்தோ குடல் கிழிந்தோ புதருக்குள் போய் மறுநாள் சாகும். வேட்டைக்காரன் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாமா முப்பது எட்டுக்கு மேல் போன பறவையைச் சுட மாட்டாராம். இடது குழல் எட்டும் என்றாலும் சுட மாட்டாராம். அதற்கு அவர் காரணம் சொன்னதில்லை. ஒரு தடவை, அடிபட்டு ஓடிய கௌதாரி ஒன்றை இருட்டும் வரையில் கள்ளிக்குள் தேடிவிட்டு, கை முழுவதும் முள்ளோடு வெறுங்கையாய் வந்தார் என்று அத்தைதான் சொன்னாள்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபும் நம்மிடையே உண்டு. நரிக்குறவரின் நாட்டுத் துப்பாக்கியில் சோக்கு ஏது? வாய் வழியே மருந்து போட்டு, தக்கை வைத்து, ரவை போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற ஒற்றைக் குழல் அது. மருந்தைக் கூட்டிக் குறைப்பதும், ரவையைக் கூட்டிக் குறைப்பதுமே அவர்கள் கையிலிருந்த சோக்கு. ஒரு முறை தவறிவிட்டால் மறுபடியும் கெட்டிப்பதற்குள் பறவை பக்கத்து ஜில்லாவுக்குப் போய்விடும். அதனால் தவறாத தூரத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பறவை மாதிரியே குரல் கொடுத்து, பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டு, கண்ணி வைத்து, பறவையைத் தம்மிடம் வரவழைத்தார்கள். பர்மிங்ஹாம்காரன் ஒரு மில்லிமீட்டர் இரும்பினால் தூரத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தான். நரிக்குறவர் வயிற்றால் ஊர்ந்து கொண்டுவந்தார். வேட்டை நின்றபோது முதலில் பட்டினி கிடந்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாசிமணி விற்கப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த அந்த ஜனங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பதற்கு 2023 வரையில் நேரம் கிடைக்கவில்லை.

சாப்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் அல்லாமல் மூன்றாவதாக ஒரு கூட்டமும் துப்பாக்கியோடு நம் மலைகளில் திரிந்தது. பறவை சாஸ்திரிகள். ஏ. ஓ. ஹியூம் என்றால் நாம் காங்கிரஸை நினைக்கிறோம். அவருக்கு முதல் காதல் பறவைகள்தான். திருவிதாங்கூர் மலையில் தோட்டம் வைத்திருந்த பூர்டில்லான் என்ற வெள்ளைக்காரர் அனுப்பிய பறவைகளை வைத்து, 1876-ல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். இந்தியா முழுவதும் இப்படிச் சேர்த்துச் சேர்த்து ஸிம்லாவில் ஒரு மாளிகையை நிரப்பினார். பெரிய புத்தகம் ஒன்று எழுதுவதாக இருந்தது. அதற்காக இருபத்தைந்து வருஷம் எழுதிவைத்த காகிதங்களை வேலைக்காரன் ஒருவன் கடைவீதியில் பொட்டலம் மடிக்க எடைக்குப் போட்டுவிட்டான். மனம் ஒடிந்த ஹியூம் 1885-ல் தம்முடைய சேகரம் முழுவதையும் லண்டன் மியூஸியத்துக்குக் கொடுத்தார். தோலும் முட்டையுமாக எண்பதாயிரத்துக்கு மேல். அதே வருஷந்தான் காங்கிரஸ் பிறந்தது. எடைக்குப் போட்ட அந்த வேலைக்காரனுக்கு நம் சரித்திரத்தில் ஓர் ஓரமாகவாவது இடம் தர வேண்டாமா என்று எனக்குத் தோன்றும்.

அதற்கப்புறம் திருவனந்தபுரம் மியூஸியத்து ஃபெர்குஸன், வன அதிகாரியான இன்னொரு பூர்டில்லானோடு சேர்ந்து திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி 1903, 1904-ல் எழுதினார். பிறகு 1933-ல் ஸலீம் அலி வந்தார். பம்பாயில் சிறு பையனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்ட ஒரு சிட்டுக்குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்கப் போனவர் அந்த வழியிலேயே போய்விட்டார். திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க அவரும் மனைவி தெஹ்மினாவும் காடு காடாகக் கூடாரம் போட்டார்கள். மலையிலிருந்து இறங்கி ஆரல்வாய்மொழிக்கும் கன்னியாகுமரிக்கும் வந்தார்கள். நம் கள்ளிக் காட்டுக் கௌதாரியும் அந்தக் கணக்கில் உண்டு.

சாஸ்திரியின் துப்பாக்கிக்குத் தேவை வேறு. பறவை விழ வேண்டும், ஆனால் ஓர் இறகு கலையக் கூடாது. தோலை உரித்துப் பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி, நூறு வருஷம் கழித்து ஒருவர் எடுத்துப் பார்த்தாலும் நிறம் தெரிய வேண்டும். அதனால் தூசி மாதிரி ரவை, மருந்து குறைத்த தோட்டா, கிட்டத்துச் சுடுதல். நமக்குப் பறவைகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும் பகுதி இப்படித் தெரிந்ததுதான். படிக்கிறபோது மனம் கூசுகிறது. ஆனால் அந்தப் புத்தகத்தை மூடி வைக்கவும் மனம் வரவில்லை.

இப்போது வழி மாறியிருக்கிறது. நம் அஷாம்பு மலையில் மட்டுமே வாழ்கிற நீல நிறச் சோலைக்கிளி ஒன்றைத் தனி இனம் என்று 2017-ல் அறிவித்தார்கள். பறவையை வலையில் பிடித்து, ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டு, பறக்க விட்டுவிடுகிற ஆராய்ச்சியால் அது தெரிந்தது. ஈயத்துக்கும் கெட்ட பெயர் வந்துவிட்டது. குளத்தில் விழுந்த ரவையைக் கல்மணி என்று நினைத்து வாத்துகள் விழுங்கி விஷமேறிச் சாகின்றன என்று கண்டு, நீர்ப்பறவை வேட்டையில் அதை அமெரிக்கா 1991-ல் தடுத்தது. ஐரோப்பிய நாடுகள் 2023-ல் ஈரநிலங்களில் தடுத்தன. ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை. எஃகு நசுங்காது, அதனால் விரிவதும் குறைவு; ஆகவே சோக்கைத் தளர்த்த வேண்டும் என்று துப்பாக்கிக் கொல்லர்கள் மறுபடியும் கணக்குப் போடுகிறார்கள்.

நம் நாட்டில் அந்தக் கணக்கே தேவையில்லாமல் போயிற்று. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. சிறு பறவைகளுக்கு மட்டும் லைசென்ஸோடு சுடலாம் என்று அதில் ஒரு கதவு திறந்திருந்தது. 1991-ல் அதையும் சாத்தினார்கள். மாமா 1972-ஓடேயே நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சட்டம் வந்தாச்சு. பெறவு என்ன?" என்றார்.

துப்பாக்கி மட்டும் இருந்தது. அதன் லைசென்ஸ் புத்தகங்கள் ஒரு தகர டப்பாவில் இருந்தன. அவற்றில் திருவிதாங்கூர் மகாராஜாவின் சங்கு முத்திரை உண்டு. 1949-க்கு அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பரில் நாங்கள் தமிழர்களோடு சேர்ந்த பிறகு சென்னை ராஜ்யம். 1969-லிருந்து தமிழ்நாடு. ஒரே துப்பாக்கி, நாலு சர்க்கார். எலக்ஷன் வரும்போதெல்லாம் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு ஒப்படைத்துவிட்டு, ஓட்டு எண்ணி முடிந்த பின் வாங்கி வர வேண்டும். மாமா வில் வண்டியில் போன காலமும் உண்டு, ஆட்டோவில் போன காலமும் உண்டு. எத்தனை எலக்ஷன்!

கடைசித் தடவை நான் கூடப் போனேன். மாமாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் அடியில், உடை மர நிழலில், நாலைந்து கௌதாரிகள் ரோட்டை ஒட்டி ஓடின. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மாமா பார்த்தார். "இருவது எட்டு இருக்கும்," என்றார். பறவைகள் எழும்பவில்லை. நடந்தே போய்விட்டன.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் நோட்டைத் திறந்து, 'பன்னிரண்டு போர், இரட்டைக் குழல், ஒன்று' என்று எழுதினார். மாமா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "எடது சோக்கு எண்ணு போடணும் சார்," என்றார். ஏட்டுக்கு விளங்கவில்லை. "சோக்காத்தான் இருக்கு பெரியவரே," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார். மாமா இரண்டு குழல்களிலிருந்தும் தக்கைகளைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். அவை என் மேஜை டிராயரில் இருக்கின்றன. எது வலது, எது இடது என்று பார்த்தால் தெரியாது, விரலால் உருட்டிப் பார்த்தால் தெரியும்.